கொடுக்க வேண்டியதும் கொடுக்கலாகாததும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. பிறரிடமிருந்து பெற்றுத் திருப்பித் தர வேண்டிய பொருளும் கடன். ஒருவர் செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், வாங்கியதைத் திருப்பித் தருவது பெருந்தன்மை அன்று, கடமையே என்பதைச் சொல்லாமற் சொல்லிவிட்டனர். அந்த உணர்வு நம் இல்லங்களில் இன்றும் ஊறிக் கிடக்கிறது. கடனில்லாக் கஞ்சி கால்வயிறு போதும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் அறுவடை முடிந்த கையோடு பிறர்க்குத் தர வேண்டிய நெல்லை அளந்து கொடுத்துவிட்டுத்தான் தம் பங்கைக் குதிரில் கொட்டினார்கள்.

இத்தகைய இல்லங்களுக்கே இந்நாளில் ஒரு புதுவகைத் துன்பம் வந்து சேர்ந்திருக்கிறது. வங்கியின் கணக்கேட்டில் ஒருவர் பெயரில் ஒரு தொகை நிலுவை என்று நிற்கிறது. வங்கி, "நீர் தர வேண்டும்" என்கிறது. அவரோ, "நான் வாங்கவில்லை" என்கிறார். அல்லது, "வாங்கியது உண்மை, ஆனால் இவ்வளவு இல்லை" என்கிறார். இவ்வழக்குத் தீருமுன்பே, கடன் வசூல் முகமை என்னும் மூன்றாமவர் தொலைபேசியிலும் வீட்டு வாசலிலும் வந்து நின்றுவிடுகிறார். அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கின்றனர். முதியவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது.

அந்நேரத்தில் இருவகை அறிவுரைகள் வருவது வழக்கம். "கொடுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இரு" என்பது ஒன்று. "ஒரு காசும் கொடாதே, அவர்களால் என்ன செய்துவிட முடியும்?" என்பது மற்றொன்று. முன்னது அச்சத்திலிருந்து பிறப்பது. பின்னது செருக்கிலிருந்து பிறப்பது. இரண்டிலும் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. உண்மையில் நாம் தர வேண்டியது எவ்வளவு என்பதே அது. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அதனையே.

வழக்கு எங்கிருந்து பிறக்கிறது?

வங்கி கேட்பதெல்லாம் பொய் என்று எண்ணுவது பிழை. வங்கி கேட்பதெல்லாம் மெய் என்று எண்ணுவதும் அத்தகையதே. கருத்து மாறுபாடு பல வழிகளில் தோன்றுகிறது. கடன் அட்டையின் எண்ணைத் திருடி எவரோ பொருள் வாங்கியிருக்கலாம். கேளாமலே அனுப்பப்பட்ட அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போயிருக்கலாம். அடைத்து முடித்த கடன் ஏட்டில் முடிக்கப்படாமல் நின்றிருக்கலாம். பெயர் ஒற்றுமையாலோ, பழைய தொலைபேசி எண் கைமாறியதாலோ வேறொருவர் கடன் நம்மைத் தேடி வரலாம். மறைந்துபோன தந்தையின் கடன் மகனைத் தேடி வருவதும் உண்டு.

தொடக்கத்தில் சிறிதாய் இருக்கும் தொகை பெரிதாவதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. வகுப்பறையில் கூட்டுவட்டிக் கணக்குப் போட்டவர்களுக்கு இது விளங்கும். மாதம் நூற்றுக்கு மூன்றரை என்பது கடன் அட்டைகளில் வழங்கும் வட்டி விகிதங்களுள் ஒன்று. 10,000 ரூபாய் மீது அவ்வட்டி மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாக ஏறினால், 36 மாதங்களில் தொகை ஏறத்தாழ 34,500 ரூபாய் ஆகிவிடும். தாமதக் கட்டணமும் வரியும் தனி. ஆகவே, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய் மூடி இருப்பது பொறுமை ஆகாது.

தொகை நெடுநாள் வராதபோது வங்கி அதனை வசூல் முகமையிடம் ஒப்படைக்கிறது. முகமையாளர் பெரும்பாலும் வசூலித்த தொகையின் அளவுக்கேற்பக் கூலி பெறுபவர். அவர் கையில் இருப்பது ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு தொகை, அவ்வளவே. நாம் எழுதிய கடிதமோ நம் மறுப்போ அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கை அறிந்தவர் வாசலுக்கு வருவதில்லை. வாசலுக்கு வருபவர் கணக்கை அறிந்திருப்பதில்லை. இத்துன்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அன்றைய வசூலும் இன்றைய வசூலும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே தாம் கண்ட ஒரு வழக்கத்தைக் குறித்துவைத்துள்ளார். கடன்பட்டவர் தவணை சொல்லிச் சொல்லி நாள் கடத்தினால், கடன் கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவாராம். கடனைத் தீர்க்காமலோ தக்க பிணை தராமலோ அவ்வட்டத்தைத் தாண்டியவர் கொலைத் தண்டனைக்கு உரியவர். அந்நாட்டு மன்னரே ஓர் அயல்நாட்டு வணிகருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாமல் தாழ்த்தியபோது, குதிரைமேல் வந்த மன்னரைச் சுற்றி அவ்வணிகர் வட்டம் கீறினார் என்றும், வணிகருக்கு உரியது கிடைக்கும்வரை மன்னர் அவ்விடத்தைவிட்டு நகரவில்லை என்றும், அதனைத் தாமே கண்டதாகவும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

பிற்காலத்தில் "தர்ணா" என்னும் வழக்கம் இந்நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. கடன் கொடுத்தவர் கடன்பட்டவரின் வாசலில் உண்ணாமல் அமர்ந்துவிடுவார். அவர் உண்ணாதவரை உள்ளே இருப்பவரும் உண்ணலாகாது என்பது மரபு. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தெய்வ சினத்துக்கு ஆளாவாய் என்று ஒருவரை அஞ்சவைத்து ஒன்றைச் செய்யவைப்பதைக் குற்றமாக்கிய 508-ஆம் பிரிவில், வாசலில் தர்ணா அமர்வதையே எடுத்துக்காட்டாகக் காட்டியது.

இவ்வழக்கங்களில் கொடுமை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் ஒன்று கருதற்பாலது. வட்டம் கீறியவரும் வாசலில் பட்டினி கிடந்தவரும் கடன் கொடுத்தவர்களே. தாம் எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வரவேண்டும் என்பதை அறிந்தவர்கள். பொய்க் கணக்குச் சொன்னால் அப்பழி நேரே அவர்களையே சேரும். இன்று கேட்பவர் ஒருவர், கணக்கு வைத்திருப்பவர் மற்றொருவர். பழி இருவருக்கும் நடுவில் எங்கோ விழுந்து மறைகிறது.

நாட்டின் நெறிமுறைகள் இந்த இடைவெளியைக் காணாமல் இல்லை. குண்டர்களைக் கொண்டு கடன் வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டில் வன்மையாகக் கண்டித்து, சட்ட வழியாகவே வசூலிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்திற்று. 2008 ஏப்ரல் 24 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுரைகள், எந்த முகமையிடம் கணக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதைக் கடன்பட்டவருக்கு வங்கி தெரிவிக்க வேண்டும் என்றும், வருபவர் வங்கியின் அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் உடன் கொண்டுவர வேண்டும் என்றும் கூறின. கடன்பட்டவர் முறையீடு ஒன்றைக் கொடுத்திருந்தால், அம்முறையீடு முடிவாகும்வரை கணக்கை முகமையிடம் அனுப்பலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. வேண்டுமென்றே வீண் முறையீடுகளை அடுக்குபவருக்கு மட்டுமே விலக்கு. 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியான சுற்றறிக்கை, மிரட்டுதல், பலர் முன் இழிவுபடுத்துதல், குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லைப்படுத்துதல் ஆகியவற்றை விலக்கியதோடு, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைத்தல் கூடாதென்றும் வரையறுத்தது. முகமையின் செயலுக்கு வங்கியே பொறுப்பு என்பது இவற்றின் அடிப்படை.

எனவே வாசலில் நிற்பவரிடம் கடிதம் கேட்பது அவமதிப்பு ஆகாது. கணக்கை வங்கியிடமே பேசுவோம் என்பதும் கடனை ஏய்க்கும் தந்திரம் ஆகாது.

சத்தியத்தின் பக்கம் வைத்த குற்றம்

இனி அறத்தின் பக்கம் வருவோம். இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்களின் அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகைப்படுத்துகிறது. அவற்றுள் "நியாசாபகாரம்" என்பது ஒன்று. ஒருவர் நம்மிடம் பொருளை அடைக்கலமாக வைக்கிறார். எவ்வளவு வைத்தோம் என்பதை மறந்து, பின்னாளில் குறைவான தொகையைக் கேட்கிறார். நாம் உண்மையை அறிந்திருந்தும், "ஆம், அவ்வளவுதான்" என்று இசைந்து அதனை மட்டும் கொடுத்தனுப்புகிறோம். இதுவே நியாசாபகாரம் எனப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் விளக்குகிறார்.

பிறர் பொருள் நம்மிடம் தங்கிவிட்டதே, ஆகவே இது கள்ளாமை விரதத்துக்கு நேர்ந்த குற்றமாகத்தானே இருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் சூத்திரம் இதனைச் சத்திய விரதத்தின் அதிசாரங்களுள் வைத்திருக்கிறது. பொருள் கைமாறுவதற்கு முன்பே, "ஆம்" என்ற சொல்லில் குற்றம் நிகழ்ந்துவிட்டது என்பது இதனால் பெறப்படும். கேட்டவர் கணக்கை மறந்தார், கேட்கப்பட்டவர் மறக்கவில்லை. அறிந்தே பொய்க் கணக்குக்கு இசைந்தார்.

இதனை மறுபுறம் திருப்பிப் பார்ப்போம். கேட்பவர் உள்ளதைவிட மிகுதியாகக் கேட்கிறார். அது பிழை என்று நமக்குத் தெரியும். ஆயினும் அச்சத்தாலோ நாணத்தாலோ, "ஆம், தர வேண்டியதுதான்" என்று கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். இங்கே இழப்பு நமக்குத்தான், பிறருக்கு இல்லை. எனினும் சொல் பொய்ச்சொல்லே. குறைத்துக் கேட்பவரிடம் "ஆம்" என்பது குற்றமானால், மிகுத்துக் கேட்பவரிடம் "ஆம்" என்பது மட்டும் எவ்வாறு குற்றமற்றதாகும்? முன்னதில் ஆசை இருக்கிறது, பின்னதில் இல்லை என்பது உண்மை. அதனால் பின்னதன் பாரம் குறைவாக இருக்கலாம். ஆனால் இரண்டிலும் மெய்க் கணக்கு ஒன்று கைவிடப்படுகிறது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது: வழக்கிலுள்ள கடனில் ஒருவர் காக்க வேண்டியது பணத்தையும் அன்று, மானத்தையும் அன்று, கணக்கின் உண்மையையே.

ஓர் அம்மையாரின் கணக்கு

நமக்குத் தெரிந்த ஓர் அம்மையார், ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் மறைந்து இரண்டாண்டுகள் கழிந்தபின், கணவர் பெயரிலிருந்த கடன் அட்டைக்காக 27,000 ரூபாய் கேட்டு ஒரு முகமையிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. ஒருநாள் இருவர் நேரில் வந்து, தெருவார் கேட்கும்படி பேசிவிட்டுப் போயினர். "9,000 கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் முடித்துவிடுகிறோம்" என்றும் சொன்னார்கள். அம்மையார் வளையலை விற்றுக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கே வந்துவிட்டார்.

அதற்கு முன் கணவரின் கோப்பைப் புரட்டிப் பார்த்தபோது, அட்டை வேண்டாம், கணக்கை முடித்துவிடுங்கள் என்று அவர் வங்கிக்கு எழுதிய கடிதத்தின் படி ஒன்றும், பதிவஞ்சல் சீட்டும் கிடைத்தன. அக்கடிதத்துக்குப் பின் ஏறிய ஆண்டுக் கட்டணமும் வட்டியும் தாமதக் கட்டணமுமே அந்த 27,000-இல் பெரும்பகுதி. ஆனால் அதே கோப்பில் இருந்த நாட்குறிப்பு வேறொன்றையும் காட்டியது. கடிதம் எழுதுவதற்குப் பத்து நாட்களுக்கு முன் அந்த அட்டையைக்கொண்டு அவர் மூக்குக்கண்ணாடி வாங்கியிருந்தார். விலை 2,340 ரூபாய். அதனைச் செலுத்தியதற்கான குறிப்பு எங்கும் இல்லை.

மகன், "இதை அவர்கள் தனியாகக் கேட்கவில்லையே. முழுக் கணக்கும் பிழை என்று எழுதிவிடுவோம். நாமாக ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும், அம்மா?" என்றார். அம்மையார் சொன்ன மறுமொழி: "கேட்பவர்கள் கணக்குத் தப்பினால் நம் கணக்கும் தப்பலாமா?"

அவர் முகமைக்கு ஒரு காசும் தரவில்லை. 2,340 ரூபாய்க்கான காசோலையை வங்கிக்கே அனுப்பி, "என் கணவர் வாங்கிய பொருளின் விலை இது, இதனை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், மற்றவை ஏன் எம் கணக்கில் ஏறின என்பதை ஆவணத்துடன் விளக்குக" என்று எழுதினார். முப்பது நாட்களில் தக்க விடை வரவில்லை. பின்னர்க் குறைதீர்ப்பாளருக்கு எழுதினார். ஐந்து மாதங்கள் கழித்து மற்றத் தொகைகளை நீக்கிவிட்டதாக வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அந்த ஐந்து மாதங்களும் அவர் எளிதாகக் கழித்தவை அல்ல. தொலைபேசி மணி அடித்தாலே கை நடுங்கியதாகச் சொல்வார். ஆயினும் அவர் வென்றதாக நாம் கருதுவது வங்கியின் கடிதம் வந்த நாளில் அன்று. 2,340 ரூபாய்க்குக் காசோலை எழுதிய நாளிலேயே.

காலத்தில் சொல்ல வேண்டிய சொல்

உண்மையைக் காப்பதற்கு அதனை உரிய காலத்தில் சொல்லுதல் இன்றியமையாதது. நம் இல்லங்களில் பலர் தவறுவது இங்கேதான். தாம் செய்யாத செலவு கணக்கில் ஏறியிருப்பதைக் கண்டும், பிள்ளைகள் விடுமுறைக்கு வரட்டும் என்று காத்திருக்கின்றனர்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறையைக் காண்க. வாடிக்கையாளர்மீதும் வங்கிமீதும் தவறின்றி மூன்றாமவர் செய்த மின்னணு மோசடியை, வங்கியின் அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர்மேல் இழப்புச் சாராது; நாள் கடந்தால் பொறுப்பில் ஒரு பங்கு அவர்மேலும் சாரும். வாடிக்கையாளர்தாம் பொறுப்பாளி என்பதை மெய்ப்பிக்க வேண்டிய கடமை வங்கியுடையது. அதே நெறிமுறை, கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லிவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பைத் தாமே ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே முறையிடும்போது, "எண்ணைக் கேட்டார், சொல்லிவிட்டேன்" என்பது உண்மையானால் அதனை மறையாமல் எழுத வேண்டும். நமக்கு அனுகூலமான உண்மையை மட்டும் சொல்வது பாதி உண்மை.

முறையீடு எழுத்தில் இருக்க வேண்டும். நாளும் எண்ணும் குறித்துப் படி ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். எவ்வளவு ஒப்புகிறோம், எவ்வளவு மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்பதைத் தனித்தனியே சொல்ல வேண்டும். ஒப்புகின்ற பகுதியை உடனே செலுத்திவிடுதல் நேர்மைக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது. வங்கி முப்பது நாட்களில் விடை தராவிட்டாலோ, தந்த விடை பொருந்தாவிட்டாலோ குறைதீர்ப்பாளரை அணுகலாம். 1995-இல் தொடங்கப்பட்ட வங்கிக் குறைதீர்ப்பு ஏற்பாடு, 2021 நவம்பரில் மற்ற நிதி நிறுவனங்களுக்கான ஏற்பாடுகளோடு ஒன்றாக்கப்பட்டது. இதற்குக் கட்டணமும் இல்லை, வழக்குரைஞரும் வேண்டியதில்லை.

"ஆயிரம் ரூபாய் கொடுத்து இன்றைக்கு அனுப்பிவிடுவோம்" என்னும் எண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கொடுத்த கடனுக்காக வழக்கிடப் பொதுவாக மூன்றாண்டுக் காலம் உண்டு. அக்காலத்துக்குள் கடன்பட்டவர் கடனை ஒப்பிக் கையெழுத்திட்டால் 18-ஆம் பிரிவின்படியும், கையெழுத்துடன் ஒரு பகுதியைச் செலுத்தினால் 19-ஆம் பிரிவின்படியும் காலம் புதிதாகத் தொடங்கும். அஞ்சிக் கொடுத்த ஆயிரம் ரூபாய், பிற்பாடு முழுக் கடனுக்கும் சான்றாக நிற்கக்கூடும். கையெழுத்தும் ஒரு சொல்லே என்பதைச் சட்டமும் ஒப்புகிறது.

மெய்க் கடன் வேறு

இதுவரை சொன்னவற்றை மெய்க் கடனை மறுப்பதற்குக் கருவியாகக் கொள்பவர் இருப்பாரானால், அவருக்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. மூன்றாண்டு கழிந்தால் வழக்கிடும் உரிமைதான் மறைகிறது, கடன் மறைவதில்லை. இது நீதிமன்றங்களும் ஒப்புக்கொண்ட கொள்கை. வாங்கி உண்ட நெல் மூன்றாண்டில் வயிற்றைவிட்டுப் போய்விடலாம். வாங்கினோம் என்ற உண்மை போய்விடுமா? முகமையாளர் கடுஞ்சொல் சொன்னார் என்பதற்காக மெய்க் கடன் பொய்க் கடன் ஆகிவிடாது. அவர் குற்றத்துக்கு முறையிடுவோம். நம் கடனை அடைப்போம். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைக் கழிக்கலாகாது.

தந்தையின் கடனைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். தந்தையின் கடனை மைந்தன் அடைப்பது புண்ணியக் கடமை என்று பழைய தரும சாத்திரங்கள் கூறின. நீதிமன்றங்களும் அதனை ஏற்றிருந்தன. சமணர்க்கும் பொருந்துவதாகிய இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-இல் செய்யப்பட்ட திருத்தம், அதற்குப்பின் பட்ட கடனுக்காக இப்புண்ணியக் கடமையை மட்டும் காரணமாகக் காட்டி மகன்மீது நடவடிக்கை எடுக்க இயலாதென்று ஆக்கிவிட்டது. பெற்றோரிடமிருந்து கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாவர். ஆகவே, "உன் அப்பா வாங்கினார், நீதான் கட்ட வேண்டும்" என்ற மிரட்டல் முழு உண்மை அன்று. ஆனால் தந்தையின் நிலத்தைப் பெற்றுக்கொண்டு அவருடைய மெய்க் கடனைத் தள்ளிவிடுவது முறையும் அன்று. சொத்தே பெறாத பிள்ளைகள், தந்தை பெயரைக் காக்கத் தம்மால் இயன்றதைக் கொடுப்பாராயின் அது போற்றத்தக்கது. எனினும் கணக்கை நேரே கேட்டுப் பார்த்து, தெளிந்த மனத்தோடு கொடுக்க வேண்டும். மிரட்டலுக்குப் பணிந்து அன்று.

அச்சமும் சினமும்

அச்சம் பெரும்பாலும் அறியாமையில் வளர்கிறது. "சிறையில் போடுவோம்" என்ற சொல் மூதாட்டிகளைக்கூட நடுங்க வைக்கிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, பணம் செலுத்துமாறு பிறந்த தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்ணைக் கைது செய்யவோ சிறையிடவோ ஆணையிடலாகாது என்கிறது. (காசோலை பணமின்றித் திரும்பிய குற்றவழக்கு வேறு.) அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி அரசு ஓய்வூதியமும், சமைக்கும் பாத்திரங்களும், உடுக்கும் உடையும், சமய வழக்கப்படி கழற்றலாகாத அணிகலனும் ஜப்திக்கு உட்பட்டவை அல்ல. வறுமையால் செலுத்த இயலாத ஒருவரை அக்காரணத்துக்காகவே சிறையிடுதல் நியாயமன்று என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது.

சினத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்து நிற்பவர் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது இளைஞர். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அவர் தலைமேலும் ஓர் இலக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "தம்பி, கடிதம் இருந்தால் காட்டுங்கள், இக்கணக்கு வழக்கில் இருக்கிறது, வங்கிக்கு எழுதியிருக்கிறோம், இதோ படி" என்று சொல்லலாம். அவர் தகாத சொல் சொன்னால் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம்; எல்லை மீறினால் காவல் நிலையத்தை அணுகலாம். உறுதிக்குக் குரல் உயர வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளில் சிலர் வங்கிகளிலும் இத்தகைய முகமைகளிலும் பணிபுரிகின்றனர். அவர்களுக்கும் ஒன்று சொல்லும் உரிமை ஆசிரியர்க்கு உண்டு. விடை மட்டும் எழுதி வழிமுறை எழுதாத மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் தந்ததில்லை. நீங்கள் ஒரு வாசலில் நின்று ஒரு தொகையைச் சொல்லும்போது, அத்தொகை எவ்வாறு வந்தது என்பதை முதலில் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். அறியாத கணக்கை உரத்த குரலில் சொல்வதும், ஒரு வீட்டின் செய்தியை அடுத்த வீட்டில் சொல்வதும் கூலிக்காகச் செய்தாலும் வினையே.

நேர்மையான ஓர் ஐயம்

"எழுபத்தைந்து வயதில் ஆறு மாதம் இப்படி உளைச்சல் பட வேண்டுமா? இரண்டாயிரம் மூவாயிரம் போனால் போகட்டுமே" என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. உடல்நலமும் மன அமைதியும் காக்கத்தக்கவை. எல்லோரும் எல்லா வழக்கையும் இறுதிவரை நடத்தியே ஆக வேண்டும் என்பது அறமாகாது. பொருளை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் உண்மையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. "இது நான் பட்ட கடன் அன்று, முதுமை கருதி, ஆட்சேபத்துடன் இத்தொகையைச் செலுத்துகிறேன்" என்று எழுதி, வங்கியிடமே கொடுத்து, கணக்கு முடிந்தது என்ற கடிதத்தைப் பெற்றுக்கொள்ளலாம். பின்னர்க் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை அது கட்டணமின்றிக் கிடைக்கும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கணக்கு அதில் முழுதும் செலுத்தப்பட்டதாகக் குறிக்கப்படாது. பேசி முடித்ததாகவே பதிவாகும். பட்டே இராத கடனுக்கும் இக்குறிப்பு நேரலாம் என்பதை அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

இறுதியாக, எட்டிப் பார்க்கும் அண்டை வீட்டாராக நாமும் ஒருநாள் இருப்போம் அல்லவா? ஒரு வீட்டு வாசலில் எவரோ உரக்கப் பேசியதைக் கொண்டு அவ்வீட்டார் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே இருக்கும்வரை, மக்கள் வாங்காத கடனையும் வளையலை விற்றுக் கொடுக்கத்தான் செய்வார்கள். முகமையின் வலிமையில் பாதி நம் நாவில் இருக்கிறது. அடுத்த வீட்டு வாசலில் அத்தகைய குரல் கேட்குமானால், கதவைச் சாத்திக்கொள்ளாமலும், கதையாக்கிப் பரப்பாமலும், அங்கே சென்று அம்மூதாட்டியின் அருகில் அமர்ந்து, "கடிதம் எங்கே இருக்கிறது, அம்மா? நாம் சேர்ந்து படித்துப் பார்ப்போம்" என்று கேட்போமாக.